பியானோ பரீட்சைக்கு எந்த ‘பீஸ்’?

திருப்பூரில் ‘பீஸ்’ என்றால் அர்த்தம் சொல்லத் தேவையில்லை. இன்றைக்கு எத்தனை பீஸ் தைத்தோம், எத்தனை பீஸ் செக்கிங் ஆனது என்பதுதான் பனியன் கம்பெனிக் கணக்கு. ஆனால், எங்கள் ராயபுரத்தில் சில வீடுகளில் இப்போது வேறொரு ‘பீஸ்’ பற்றியும் பேச்சு நடக்கிறது. பியானோ கற்கும் பிள்ளைகள், பரீட்சையில் வாசிக்க வேண்டிய இசைத் துண்டை அப்படித்தான் சொல்கிறார்கள். எந்த பீஸை எடுப்பது, எப்படிப் பழகுவது என்பதுதான் அவர்கள் கவலை. வாருங்கள் குழந்தைகளே, அதைப் பார்ப்போம்.

பியானோவுக்குக் கூட பரீட்சையா என்கிறீர்களா? உண்டு! லண்டனில் 1872-ல் தொடங்கப்பட்ட டிரினிட்டி கல்லூரியின் இசைத் தேர்வை நம் ஊர்ப் பிள்ளைகளும் எழுதுகிறார்கள். எழுதுகிறார்கள் என்ன, வாசிக்கிறார்கள்! பண்ணைப்புரத்திலிருந்து சென்னைக்கு வந்த இளையராஜா, தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை கற்று, இதே டிரினிட்டியின் கிளாசிக்கல் கிதார் தேர்வில் தங்கப் பதக்கம் பெற்றவர்.

இந்தத் தேர்வில் மொத்தம் எட்டு கிரேடுகள். ஒவ்வொன்றுக்கும் 100 மார்க். மூன்று பீஸ் வாசிக்க வேண்டும். ஒன்றுக்கு 22 வீதம் 66 மார்க். ஸ்கேல் போன்ற விரல் பயிற்சிகளுக்கு 14. மீதி 20 மார்க், பார்த்தவுடன் வாசிப்பது, கேட்டுச் சொல்வது போன்ற சின்னத் தேர்வுகளுக்கு. 60 எடுத்தால் பாஸ். 75 என்றால் மெரிட். 87 எடுத்தால் டிஸ்டிங்ஷன்!

அந்த 22 மார்க்கையும் பிரித்துப் பாருங்கள். தவறில்லாமல், தடையில்லாமல் வாசிக்க 7. விரல் திறமைக்கு 7. பாவத்தோடு வாசித்து, கேட்பவர் மனதில் பதிய வைக்க 8. ஆக, பாவத்துக்குத்தான் ஒரு மார்க் கூடுதல். பீஸைத் தேர்ந்தெடுக்கும்போது பல பிள்ளைகள் மறப்பது இதைத்தான். ‘கஷ்டமான பீஸ் எடுத்தால் மார்க் அள்ளலாம்’ என்று நினைக்கிறார்கள். ஒரே கிரேடு பட்டியலில் உள்ள எந்த பீஸுக்கும் 22 மார்க்தான். வேகமாக ஓடும் பீஸுக்கு ஒரு மார்க்கும் கூடுதலாகக் கிடையாது!

டிரினிட்டியில் முந்தைய கிரேடு பாஸ் செய்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அதனால், ‘நேராக ஐந்தாம் கிரேடு போடலாமே’ என்று மாமாவோ சித்தப்பாவோ சொல்லக்கூடும். நாலைந்து மாதம் அந்த பீஸோடு மல்லுக்கட்டப் போவது மாமா அல்ல, நீங்கள்தான். நாற்பது வருடம் பாடம் நடத்தியவள் என்ற உரிமையில் சொல்கிறேன், தாவ வேண்டாம்.

சரி, எப்படித் தேர்ந்தெடுப்பது? முதலில் பட்டியலில் உள்ள பீஸ்களை ஆசிரியர் வாசிக்கக் கேளுங்கள். பிடித்த நாலைந்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒவ்வொன்றிலும் நாலு வரியை ஆமை வேகத்தில் வாசித்துப் பாருங்கள். அந்த வேகத்திலும் தடுமாறினால் அது அடுத்த வருடத்துக்கான பீஸ். கையின் அளவும் முக்கியம். பியானோவில் ஒரு ‘ஆக்டேவ்’, அதாவது கீழ் ஸ முதல் மேல் ஸ வரை, ஏறக்குறைய பதினாறரை செ.மீ. ஜாமெட்ரி பாக்ஸில் உள்ள ஸ்கேலை எடுத்து, விரித்த கையின் கட்டை விரல் நுனியிலிருந்து சுண்டு விரல் நுனி வரை அளந்து பாருங்கள். எட்டவில்லையா? ஆக்டேவ் நிறைய வரும் பீஸ் இப்போது வேண்டாம். கை வளரும்!

மூன்று பீஸும் ஒரே மாதிரி இருக்கக்கூடாது. ஒன்று துள்ளலாக, ஒன்று தாலாட்டு போல, இன்னொன்று நம் காலத்து இசையாக இருந்தால் உங்கள் திறமை முழுதாகத் தெரியும்.

இந்தப் பழைய பீஸ்களில் பலவும் உங்களைப் போன்ற பிள்ளைகளுக்காகவே எழுதப்பட்டவை, தெரியுமா? ஜெர்மனியின் பாக், தன் மூத்த மகனுக்குப் பாடம் சொல்லித்தர 1720-ல் ஒரு நோட்டு போட்டார். பையனுக்கு வயது ஒன்பது! அடுத்து, மனைவி அன்னா மக்தலேனாவுக்காக 1725-ல் ஒரு நோட்டு. அதில் ஜி மேஜரில் ஒரு ‘மினுவெட்’ இருக்கிறது. ரூபக தாளம் போல மூன்று மூன்றாக எண்ணும் நடன இசை. பியானோ கற்கும் பிள்ளைகள் பெரும்பாலும் அதை வாசிக்காமல் இருக்கமாட்டார்கள். அதை எழுதியவர் பாக் என்றே உலகம் வெகுகாலம் நம்பியது. பிறகுதான் அது கிறிஸ்டியான் பெட்ஸோல்ட் என்பவருடையது என்று தெரிந்தது. ஷூமான், தன் மகள் மரீயின் ஏழாவது பிறந்தநாளுக்கென்று 1848-ல் சில பீஸ்கள் எழுதினார். அது 43 பீஸ் கொண்ட தொகுப்பாக வளர்ந்தது. அதில் வரும் ‘மகிழ்ச்சியான உழவன்’ ரொம்பப் பிரபலம்.

எனக்குப் பிடித்தது சாய்கோவ்ஸ்கி. தங்கை மகனுக்காக 1878-ல் 24 பீஸ் எழுதினார். அதில் ஒரு பொம்மைக்கு உடம்பு சரியில்லாமல் போகிறது. அடுத்து பொம்மையின் இறுதி ஊர்வலம். அப்புறம் புதுப் பொம்மை வருகிறது! நோயாளிப் பொம்மையை வாசிக்கும்போது, ‘இங்கே ஏன் இசை நின்று நின்று வருகிறது? மூச்சு வாங்குகிறதோ?’ என்று கேட்டுக்கொண்டே வாசியுங்கள். அந்த 8 மார்க் அங்கேதான் இருக்கிறது.

இனி பயிற்சி. பெரும்பாலான பிள்ளைகள் தினமும் முதல் வரியிலிருந்து ஆரம்பிப்பார்கள். நடுவில் தப்பு வந்தால் மறுபடியும் முதல் வரி. இதனால் என்ன ஆகும்? முதல் வரி தேன். கடைசி வரி தகராறு. நம் பனியன் கம்பெனியைப் பாருங்கள். ஒரே ஆள் முழு பனியனையும் தைப்பதில்லை. கட்டிங் தனி, ஓவர்லாக் தனி, கழுத்துப் பட்டி தனி. பீஸையும் அப்படி வெட்டுங்கள். வலது கை தனியாக, இடது கை தனியாக, நாலு நாலு கட்டமாக. கடினமான கட்டத்தை முதலில் எடுங்கள். மூளை களைப்பில்லாமல் இருக்கும் நேரம் அதுதான். ஒருநாள் கடைசி வரியில் தொடங்கிப் பின்னோக்கி வாருங்கள்.

விரல்களுக்குக் கட்டை விரல் 1, சுண்டு விரல் 5 என்று எண் உண்டு. எந்தக் கட்டைக்கு எந்த விரல் என்பதைப் பென்சிலால் குறித்து, தினமும் அதே விரலையே வையுங்கள். தினம் ஒரு விரல் மாற்றினால், பரீட்சை அன்று விரலுக்கே குழப்பம் வந்துவிடும்! வேகத்துக்கு மெட்ரோனோம் இருக்கிறது. 60 என்று வைத்தால் நொடிக்கு ஒரு தட்டு. அங்கே சுத்தமாக வந்த பிறகு 63, அப்புறம் 66. சரளி வரிசையை முதல் காலத்தில் பழகிய பிறகுதானே இரண்டாம் காலம்?

வீட்டில் 61 கட்டை கீபோர்டு மட்டும் இருக்கிறதா? பியானோவுக்கு 88 கட்டை. தொட்டால் கனமாகவும் இருக்கும். அதனால் கீபோர்டு தேர்வு வேறு, பியானோ தேர்வு வேறு. பியானோவுக்குத்தான் போகிறீர்கள் என்றால், பரீட்சைக்கு வெகுநாள் முன்பே ஆசிரியர் வீட்டிலாவது கனமான கட்டையில் பழகிவிடுங்கள்.

பீஸை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை, புத்தகம் பார்த்து வாசிக்கலாம். ஜெராக்ஸ் வேண்டாம், அசல் புத்தகத்தையே கொண்டு போங்கள். தப்பு வந்தால் நிறுத்தி, ‘சாரி மிஸ்’ சொல்லி, திரும்ப ஆரம்பிக்காதீர்கள். தொடர்ந்து போங்கள். இதை வீட்டிலேயே பழக வேண்டும். பரீட்சைக்கு ஒரு வாரம் முன்னால் தாத்தா, பாட்டி, பக்கத்து வீட்டு அக்கா எல்லாரையும் உட்கார வைத்து, மூன்று பீஸையும் நிறுத்தாமல் வாசித்துக் காட்டுங்கள்.

இப்போது வீடியோ எடுத்து அனுப்பும் தேர்வும் இருக்கிறது. அதிலும் ஒரே மூச்சில் எடுக்க வேண்டும், வெட்டி ஒட்டக்கூடாது. அன்றைக்கு மட்டும் குக்கர் விசில் அடிக்காமல் பார்த்துக்கொள்ளும்படி அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்!