டிராக்குக்கு ஒரு பிரேக் பேட், தனுஷ்கோடி ரோட்டுக்கு வேறயா? கார் ஓட்டுறவங்க கவனிக்க வேண்டியது என்ன?

ராமேஸ்வரத்திலிருந்து 500 கி.மீட்டருக்கு மேல் காரை ஓட்டிப்போய், சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் ஒரு நாள் ஓட்டிவிட்டு, அதே காரில் ஊர் திரும்ப ஆசைப்படுபவர்கள் முதலில் யோசிப்பது டயரும் இன்ஜினும்தான். ஆனா முதலில் பார்க்க வேண்டியது பிரேக்.

வேகம் இரண்டு மடங்கானால், காரை நிறுத்த பிரேக் தாங்க வேண்டிய வெப்பம் நான்கு மடங்காகும். சுமார் 3.7 கி.மீ நீளமுள்ள அந்த டிராக்கில் சுற்றுக்குப் பல தடவை அழுத்திப் பிடிக்கணும். பிரேக் ஆற நேரமே கிடைக்காது. காருடன் வரும் சாதாரண பேட் அளவுக்கு மீறி சூடானால் பிடிமானம் குறையும். பெடலை எவ்வளவு மிதித்தாலும் கார் நிற்க மறுக்கும். இதுதான் 'பிரேக் ஃபேட்'.

அப்போ ரேஸ் பேடையே போட்டுடலாமா? அங்கதான் சிக்கல். முழு ரேஸ் பேட் சூடேறினால்தான் நன்றாகப் பிடிக்கும். தனுஷ்கோடி சாலையில் 60 கி.மீ வேகத்தில் நிதானமா போகும்போது அது ஆறிப்போய்த்தான் இருக்கும். திடீரென ஆடு குறுக்கே வந்தால் முதல் மிதியில் பிடி கிடைக்காது. (சாலையில் மணல் படிந்திருந்தால் எந்த பேடும் உதவாது, அங்கே வழுக்குவது டயர்.) முதல்முறை டிராக்குக்குப் போறவங்களுக்கு ரோடு, டிராக் இரண்டுக்கும் பொதுவான நடுத்தர ரக பேடே போதும். ரேஸ் பேட்தான் வேணும்னா, டிராக்கில் மாட்டி, கிளம்பும் முன் கழற்றிவிடுவது நல்லது.

கடலோரக் கார்களுக்கு உப்புக் காற்று தனித் தலைவலி. டிஸ்க்கில் காலையில் தெரியும் லேசான துரு நாலு பிரேக்கில் போயிடும். பேடின் பின்பக்க இரும்புத் தகட்டில் ஏறும் துருதான் மோசம். அது உப்பி, உராயும் பகுதியையே தகட்டிலிருந்து பெயர்த்துவிடலாம். காலிப்பர் பின் துருவால் இறுகினால் ஒரு பக்க பேட் மட்டும் தேயும். டிராக்குக்குப் போகும் முன் வீலைக் கழற்றி மெக்கானிக்கிடம் காட்டிடுங்க.

பிரேக் ஆயிலும் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். புதிய 'டாட் 4' ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறினால் 155 வரை இறங்கலாம். ஆயில் கொதித்தால் உள்ளே குமிழி உண்டாகி, பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். பேட் மாற்ற பட்ஜெட் இல்லைன்னாலும், ஆயிலை மாற்றாமல் டிராக்கில் இறங்கக் கூடாது.

புது பேடை முதலில் மிதமான வேகத்தில் பல தடவை பிடித்துவிட்டுப் பழக்கணும். டிராக்கில் கடைசிச் சுற்றை மெதுவாக ஓட்டி பிரேக்கை ஆற விடுங்க. நிறுத்தியதும் ஹேண்ட்பிரேக் வேண்டாம். கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைச்சா போதும்.