காசநோய் மருந்தும் நம் வீட்டு மாத்திரைகளும்

காசநோய் தோட்டப்புற வாழ்க்கையோடு ஒழிந்துவிட்டது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். உண்மை அதுவன்று. மலேசியாவில் இன்றும் ஆண்டுதோறும் 20,000-க்கும் மேற்பட்டோருக்கு இந்நோய் கண்டறியப்படுகிறது. காற்றின் வழி பரவுவதால், கிள்ளான் பள்ளத்தாக்கின் நெரிசலான வாடகை அறைகளும் மாணவர் விடுதிகளும் இதற்கு விலக்கல்ல.

முன்பெல்லாம் நோயாளிகளை மாதக்கணக்கில் மருத்துவமனையில் ஒதுக்கி வைத்தனர். 1956-இல் சென்னையில் தொடங்கிய ஆய்வு அவ்வழக்கத்தை மாற்றியது. நெருக்கடியான ஏழை வீடுகளில் இருந்தபடி மருந்து உண்டவர்களும் ஏறக்குறைய மருத்துவமனையில் இருந்தவர்களைப் போலவே குணமடைந்தனர் என்பதை 1959-இல் வெளியான முடிவுகள் காட்டின. இன்று பெரும்பாலோர் வீட்டிலிருந்தே சிகிச்சை பெறுகின்றனர். ஆனால், அதே வீட்டில் இனிப்பு நீருக்கும் இருதயத்துக்கும் உரிய மாத்திரைகளும் இருக்கின்றனவே! சிக்கல் அங்குதான் தொடங்குகிறது.

ரிஃபம்பிசின் செய்யும் வேலை

வழக்கமான சிகிச்சை 6 மாதம். முதல் 2 மாதம் நான்கு மருந்துகள். அடுத்த 4 மாதம் ரிஃபம்பிசினும் ஐசோனையசிடும். இவற்றுள் ரிஃபம்பிசின், கல்லீரலில் மருந்துகளைச் சிதைக்கும் நொதிகளைப் பெருக்குகிறது. டோல் சாவடியில் கூடுதல் வழிகள் திறந்தால் வாகனங்கள் விரைந்து வெளியேறுவது போல, உடன் உண்ணும் மற்ற மருந்துகள் வேலை முடியும் முன்பே உடலைவிட்டு வெளியேறிவிடும்.

கவனிக்க வேண்டியவை

1. இனிப்பு நீர்: கிளிக்லசைடு போன்ற மாத்திரைகளின் வலு குறையும்; இரத்தத்தில் சர்க்கரை ஏறலாம்.

2. வார்ஃபரின்: இரத்தம் உறையாமல் காக்கும் இம்மருந்தின் அளவைக் கூட்ட வேண்டி வரும். ரிஃபம்பிசினை நிறுத்திய பின் இரண்டு வாரம் போல அதன் தாக்கம் நீடித்து மறையும். அப்போது வார்ஃபரின் அளவைக் குறைக்காவிட்டால் இரத்தக் கசிவு ஏற்படலாம். அடிக்கடி இரத்தப் பரிசோதனை அவசியம்.

3. கருத்தடை மாத்திரை: பலன் தராமல் போகலாம். சிகிச்சையின் போதும், முடிந்து நான்கு வாரம் வரையிலும் வேறு முறை தேவை. கூச்சப்பட்டு மறைக்க வேண்டாம்.

4. வலிப்பு நோய், எச்.ஐ.வி. மருந்துகள்: சில மருந்துகளின் அளவையோ மருந்தையோ மாற்ற நேரிடும்.

5. நாட்டு மருந்து: பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளானிலோ வாங்கும் லேகியம், சூரணம் ஆகியவற்றையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். காசநோய் மருந்துகளே கல்லீரலைத் தாக்கக்கூடியவை. மதுவையும் தவிர்க்க வேண்டும்.

எது இயல்பு, எது ஆபத்து?

இம்மருந்தை வெறும் வயிற்றில், உணவுக்கு 1 மணி நேரம் முன்போ 2 மணி நேரம் பின்போ உண்பது நல்லது. வயிற்றுப் புளிப்புக்கான மருந்தை அதற்கு 1 மணி நேரமாவது கழித்தே உண்ண வேண்டும். சிறுநீரும் கண்ணீரும் ஆரஞ்சு நிறமாவது இயல்பே. ஆனால் கண்ணில் அணியும் வில்லைகளில் கறை படியும். கண் மஞ்சளாதல், ஓயாத வாந்தி, பசியின்மை ஆகியவை கல்லீரல் பாதிப்பின் அறிகுறிகள். உடனே மருத்துவமனை செல்லுங்கள்.

இருமல் நின்றதும் மருந்தைத் தாமாக நிறுத்துவது, கிருமி மருந்துக்கு அடங்காமல் போக வழிவிடும். படித்த பிள்ளைகளாகிய நாம் செய்யக்கூடிய உதவி எளியது. அடுத்த முறை அம்மாவையோ தாத்தாவையோ கிளினிக்குக்கு அழைத்துச் செல்லும்போது, வீட்டில் உள்ள எல்லா மருந்துகளையும் ஒரே பையில் போட்டு எடுத்துச் செல்வோம்.