உதிரி பாகம் போதும், வண்டி வேண்டாம்

"குரங்கம்மையை ஆராய அந்த வைரஸை வளர்த்துத்தான் ஆக வேண்டுமா? பயமாக இருக்கிறது" என்று பூந்தமல்லி வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். திருவேற்காடு கருமாரியம்மன் கோயில் பக்கத்துக்காரருக்கு அம்மை என்றாலே கவலை வருவது இயல்பு. ஆனால், இன்று நம் வீடுகளில் வேப்பிலை கட்டவைக்கும் சின்னம்மை வேறு குடும்பம். பெரியம்மை, குரங்கம்மை, மாடுகளின் தோல் கழலை போன்றவையே பாக்ஸ் வைரஸ் நோய்கள்.

பல ஆய்வுகளுக்கு முழு வைரஸ் தேவையில்லை. அதன் ஒரு மரபணுவை வேறொரு செல்லில் சேர்த்தால், அந்த மரபணுவுக்குரிய புரதம் மட்டும் தயாராகும். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஜாப் ஒர்க் எடுக்கும் லேத் பட்டறை டிராயிங்கைப் பார்த்து ஒரே ஒரு பாகத்தைக் கடைந்து தருவதுபோல. அதை வைத்து வண்டி ஓட்ட முடியாது. புரதத்தால் நோயும் வராது.

என்னை அசரவைப்பது இனிமேல்தான். பாக்ஸ் வைரஸின் மேல்தோலிலுள்ள 'எல்1' புரதம் சரியாக மடிந்து நிற்க, கந்தகமும் கந்தகமும் கோத்த மூன்று பூட்டுகள் வேண்டும். செல்லின் சைட்டோபிளாசத்தில் அப்படிப்பட்ட பூட்டு நிலைக்காது, அவிழ்ந்துவிடும். பாக்ஸ் வைரஸ் பெருகுவதோ அங்கேதான். அதனால் பூட்டுப் போட மூன்று புரதங்களைத் தானே செய்துகொள்கிறது. ஒன்று அடுத்ததைப் பூட்ட, அது மூன்றாவதைப் பூட்ட, மூன்றாவது எல்1-ஐப் பூட்டுகிறது. வெல்டிங் வசதியே இல்லாத பட்டறைக்கு, மெஷின், ராடு, முகமூடி சகிதம் மூன்று பேர் வந்து கைமாற்றி வேலை பார்ப்பதுபோல!

எல்1 மரபணுவை மட்டும் சாதாரண பாக்டீரியாவில் போட்டால் அந்த மூவரும் வருவதில்லை. அமினோ அமிலச் சங்கிலி சரியாக இருந்தும் மடிப்பு கோணிவிடும். சரியான வடிவத்தைத் தேடும் எதிரணு (ஆன்டிபாடி) அதைப் பிடிக்காது. ஆனால், பூட்டுப் போடும் அறை பூச்சி செல்லுக்குள் உண்டு. புரதத்தை அதன் வழியே அனுப்புகிறார்கள். இந்த வேலைக்குப் பெயர்போன பூச்சி செல், 2018-இல் நம் மக்காச்சோளத்தைத் தின்ற அதே படைப்புழு இனத்தின் கூட்டுப்புழுவிலிருந்து வந்தது.

  

புரதம் தயாரானதும் 'தடுப்பூசி ரெடி' என்பவர்களை நம்பாதீர்கள். செல்லைவிட்டு வெளியேறும் வைரஸ்களில் ஒரு பகுதி இன்னொரு உறையையும் போர்த்திக்கொள்கிறது; அதில் இருப்பவை வேறு புரதங்கள். எலியைக் காப்பாற்றியது மனிதரைக் காக்கும் என்பதும் நிச்சயமில்லை. அடுத்த முறை அப்படிச் செய்தி வந்தால், எந்தச் செல்லில் செய்தார்கள், மடிப்பைச் சோதித்தார்களா என்று தேடிப் பாருங்கள்.