ஐன்ஸ்டீனைத் 'தோற்கடித்த' கேபிள்: 60 நானோ விநாடி எங்கே தப்பியது?

2011 செப்டம்பர். ஒளியைவிட வேகமாக நியூட்ரினோக்கள் வந்ததாக இத்தாலியின் ஓபரா ஆய்வுக் குழு அறிவிக்க, 'ஐன்ஸ்டீன் சொன்னது தப்பா?' என்று தலைப்புச் செய்திகள் பறந்தன. ஐந்தே மாதத்தில் விஷயம் புஸ்ஸென்று போனது. முக்கியக் காரணம், சரியாகப் பொருத்தப்படாத ஒரு ஃபைபர் கேபிள்.

இதுவரை பலருக்கும் தெரிந்த கதைதான். ஆனால், கேபிள் லூசாக இருந்தால் சிக்னல் வராமல் போகலாம். லேட்டாக எப்படி வரும்?

ஜெனீவா அருகே செர்னில் கிளம்பும் நியூட்ரினோக்கள், பூமிக்குள்ளேயே சுமார் 730 கி.மீ. கடந்து கிரான் சாசோ மலைக்கு அடியில் உள்ள ஆய்வகத்தை அடைகின்றன. ஒளிக்கே இதற்கு 2.4 மில்லி விநாடி ஆகும். நியூட்ரினோக்கள் அதைவிட 60 நானோ விநாடி முன்னதாகவே வந்ததாகக் கணக்கு காட்டியது. அந்த நேரத்தில் ஒளி ஓடும் தூரம் வெறும் 18 மீட்டர், ஒன்றரை பஸ் நீளம்!

இந்த நேரத்தைக் குறிப்பவை ஹார்டுவேர் கவுண்டர்கள். கடிகாரத்தின் ஒவ்வொரு துடிப்புக்கும் ஒன்று கூட்டிக்கொண்டே போகும் சர்க்யூட், அவ்வளவுதான். ஓபராவில் ஒரு துடிப்பு 10 நானோ விநாடி. ஆனால், எண்ணிக்கையை எப்போது தொடங்குவது? அதைச் சொல்ல ஒரு ட்ரிக்கர் வேண்டும். மலைக்கு வெளியே பிடிக்கும் ஜிபிஎஸ் நேரம், 8.3 கி.மீ. ஃபைபர் வழியாக ஒளித் துடிப்பாக உள்ளே வரும். அதைப் பார்த்துத்தான் மாஸ்டர் கிளாக் கவுண்டர்களுக்கு நேரம் சொல்லும்.

சிக்கல் இங்கேதான். துடிப்பு வந்ததும் மின்னழுத்தம் ஏறும். ஒரு குறிப்பிட்ட அளவைத் தொட்ட பிறகே 'சிக்னல் வந்துவிட்டது' என்று சர்க்யூட் ஒப்புக்கொள்ளும். கனெக்டர் முழுதாகப் பொருந்தாததால் வெளிச்சம் குறைந்தது, மின்னழுத்தமும் மெதுவாக ஏறியது. குழாயைப் பாதி திறந்தால் குடம் நிரம்ப நேரமாகும் இல்லையா, அதுபோல. தாமதம் 70 நானோ விநாடிக்கும் மேல். ஓட்டப்பந்தயத்தில் ஸ்டாப் வாட்ச்சை லேட்டாக அழுத்தினால், ஓடியவர் வேகமானவராகத்தானே தெரிவார்?

இன்னொரு கோளாறும் இருந்தது. மாஸ்டர் கிளாக்கின் ஆசிலேட்டர் விநாடிக்கு 124 நானோ விநாடி பிசகியது. இதன் விளைவு எதிர்த் திசையில் இருந்ததால், ஒரு தப்பு இன்னொன்றைக் கொஞ்சம் மறைத்தது.

15,000-க்கும் மேற்பட்ட பதிவுகளைச் சராசரி எடுத்துமா தெரியவில்லை? தெரியாது. எல்லாப் பதிவும் ஒரே பக்கம் நகர்ந்திருந்தால், சராசரியும் கூடவே நகரும். எந்த அலாரமும் அடிக்காது. இதைவிட மோசமான கோளாறு ஒரு கருவிக்கு வர முடியாது.

பக்கத்தில் இருந்த எல்விடி என்ற கருவிதான் சாட்சி சொன்னது. இரண்டையும் துளைத்துச் சென்ற மியூவான் துகள்களின் நேரத்தை ஒப்பிட்டபோது, 2008 முதல் 2011 இறுதி வரை ஓபராவின் கடிகாரம் தள்ளியே இருந்தது தெரிந்தது.

2012 மார்ச்சில் குழுவின் தலைவர்கள் இருவர் பதவி விலகினார்கள். முடிவை வெளியிட்டபோதே 'நீங்களும் சோதித்துப் பாருங்கள்' என்று மற்றவர்களை அழைத்த குழு அது என்பதையும் சொல்லியாக வேண்டும். மே மாதம் செர்ன் மறுபடி நியூட்ரினோக்களை அனுப்பியது. கிரான் சாசோவின் நான்கு கருவிகளும் இந்த முறை ஒளியின் வேகத்தையே காட்டின.