குழந்தைகளிடம் ஆய்வுக்கு வருபவரின் பின்னணி: யார் விசாரிப்பது?

பெங்களூரில் குழந்தைகளிடம் நேரடியாகத் தகவல் திரட்டும் ஆய்வுகள் நிறைய நடக்கின்றன. மனநல நிறுவனமான நிமான்ஸின் குழந்தை மனநல ஆய்வுகள், கல்வியியல் துறைகளின் வகுப்பறை ஆய்வுகள், உளவியலும் சமூகப்பணியும் படிக்கும் முதுகலை மாணவர்களின் ஆய்வேடுகள் என இவை பல வகை. பள்ளிக்கோ அங்கன்வாடிக்கோ குழந்தைகள் இல்லத்துக்கோ போகும் ஆய்வாளரின் கையில் வழிகாட்டிப் பேராசிரியரின் அறிமுகக் கடிதம் இருக்கும். அவர் எந்தத் துறையில் படிக்கிறார் என்பதை அது சொல்லும். அவர்மீது குழந்தைகளுக்கு எதிரான குற்ற வழக்கு ஏதும் உண்டா என்பதைச் சொல்லாது.

2014 ஜூலையில் மாரத்தஹள்ளிப் பகுதித் தனியார் பள்ளி ஒன்றில் ஆறு வயதுச் சிறுமி பாலியல் வன்முறைக்கு உள்ளானது வெளியே தெரிந்ததும் பெற்றோர்கள் வீதிக்கு வந்தார்கள். ஊழியர்களின் பின்னணியைப் பள்ளிகள் விசாரிக்கின்றனவா என்ற கேள்வி நகரம் முழுக்க எழுந்தது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டத்தின்கீழ் பின்னர் வந்த 2020ஆம் ஆண்டின் விதிகளில் 3ஆவது விதி இதை நாடு முழுவதும் கட்டாயமாக்கியது. குழந்தைகளோடு வழக்கமாகத் தொடர்பில் இருக்கும் எந்த நிறுவனமும் குழந்தைகளோடு பழகும் தன் நிரந்தர, ஒப்பந்த ஊழியர் ஒவ்வொருவருக்கும் காவல்துறைச் சரிபார்ப்பும் பின்னணி விசாரணையும் அவ்வப்போது செய்தாக வேண்டும்.

ஆனால் விதி பேசுவது ஊழியரைப் பற்றி. ஆய்வாளரோ பள்ளிக்கு விருந்தினர். அவரை அனுப்பும் பல்கலைக்கழகம், இந்த விதி பள்ளிகளுக்குத்தான் என்று இருந்துவிடலாம். பள்ளி, பல்கலைக்கழகம் விசாரித்திருக்கும் என்று நம்பிவிடலாம். யாருமே கேட்காமல் ஒருவர் குழந்தைகளோடு தனியறையில் உட்கார்ந்துவிட இது போதும்.

இதைத் தடுக்கப் பொருத்தமான இடம் பல்கலைக்கழகத்தின் நெறிமுறைக் குழு. குழந்தைகள் பங்கேற்கும் உயிர்மருத்துவ ஆய்வுகளுக்கென இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் தனி வழிகாட்டுதல் வெளியிட்டது. பெற்றோரின் ஒப்புதலோடு குழந்தையின் இசைவும் வேண்டும்: ஏழு முதல் பன்னிரண்டு வயது வரை வாய்மொழியாக, அதற்கு மேல் பதினெட்டு வரை எழுத்தில். இந்த ஒப்புதல் தாள்களைப் பார்த்து அனுமதி தரும் குழு, காவல்துறைச் சான்றையும் சேர்த்துக் கேட்பதில் எந்தத் தடையும் இல்லை. கேட்க வேண்டும்.

கர்நாடகத்தில் சேவா சிந்து இணையதளம் வழியாக இந்தச் சான்றுக்கு விண்ணப்பிக்கலாம். அதன் வரம்பையும் தெரிந்துகொள்வது அவசியம். பதிவான வழக்கு இல்லை என்பதை மட்டுமே அது காட்டும். குழந்தைகளுக்கு நேரும் கொடுமைகளில் பல புகாராகவே வருவதில்லை. 2018 செப்டம்பரில் தொடங்கிய பாலியல் குற்றவாளிகளின் தேசியத் தரவுத்தளத்தைக் காவல் அமைப்புகள் மட்டுமே பார்க்க முடியும், பள்ளிகள் தேட முடியாது. இங்கிலாந்தில் 2002இல் சோஹம் ஊரில் பத்து வயதுச் சிறுமிகள் இருவரைக் கொன்ற பள்ளிப் பராமரிப்பாளர்மீது முன்பே புகார்கள் இருந்தன. அவை அவரை வேலைக்கு எடுத்த பள்ளியின் காதுக்கு எட்டவில்லை. இப்போது அங்கே உயர்நிலைச் சரிபார்ப்பில், தண்டனையில் முடியாத தகவல்களையும் தேவையெனக் கருதினால் காவல்துறை தெரிவிக்கலாம். எனவே சான்று இருந்தாலும் ஆய்வாளரைக் குழந்தையோடு தனியே விடக் கூடாது. கதவு திறந்திருக்க வேண்டும், ஆசிரியர் பார்வையில் இருக்க வேண்டும், குழந்தையின் படம் ஆய்வாளரின் சொந்தக் கைப்பேசியில் இருக்கக் கூடாது.

ஆய்வாளருக்கும் உரிமைகள் உண்டு. நிலுவையிலுள்ள வழக்கு தண்டனை ஆகாது. அவருடைய விளக்கத்தைக் கேட்காமல் மறுப்பது முறையல்ல. போராட்டத்தில் கலந்துகொண்டதற்கான வழக்குக்கும் குழந்தைகளின் பாதுகாப்புக்கும் தொடர்பில்லை. சிறுவராக இருந்தபோது செய்த தவறு பிற்காலத்தில் தகுதியிழப்பாகக் கூடாது என்று 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டத்தின் 24ஆவது பிரிவு சொல்கிறது; பதினாறு வயதைக் கடந்து, பெரியவரைப் போல விசாரிக்கப்பட்டுக் குற்றம் உறுதியானவர்களுக்கு மட்டும் விலக்கு.

ஆய்வின் நடுவே ஒரு குழந்தை தனக்கு நேர்ந்த பாலியல் கொடுமையைச் சொல்லக்கூடும். "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று அதற்கு வாக்குக் கொடுக்க எந்த ஆய்வாளருக்கும் உரிமை இல்லை. போக்சோ சட்டத்தின் 19ஆவது பிரிவின்படி உள்ளூர்க் காவல் நிலையத்திலோ சிறப்புச் சிறார் காவல் பிரிவிலோ தெரிவித்தே ஆக வேண்டும்; பேராசிரியரிடம் சொல்லிவிட்டு ஒதுங்கினால் போதாது. தெரிவிக்காதவருக்கு ஆறு மாதம் வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ, தனக்குக் கீழே பணிபுரிபவரின் குற்றத்தை மறைத்த நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. நல்லெண்ணத்தோடு தகவல் தந்தவர்மீது வழக்குத் தொடர முடியாது.

ஆய்வைப் பற்றிய தகவல் தாள் பெற்றோருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். ஆகவே கன்னடமோ ஆங்கிலமோ படிக்கத் தெரியாத தமிழ்க் குடும்பங்கள் அதைத் தமிழில் கேட்கலாம். நெறிமுறைக் குழுவின் அனுமதியையும் காவல்துறைச் சான்றையும் காட்டச் சொல்லலாம். பிள்ளையை அனுப்ப மறுக்கலாம், அனுப்பியபின் நடுவிலும் விலக்கிக்கொள்ளலாம். அதற்காகப் பள்ளி மதிப்பெண்ணில் கை வைக்க முடியாது. ஆய்வு நடந்த விதத்தில் குறை இருந்தால் நெறிமுறைக் குழுவுக்கும், நிறுவனத்தின் அலட்சியம் பற்றிக் கர்நாடக மாநிலக் குழந்தைகள் உரிமைகள் பாதுகாப்பு ஆணையத்துக்கும் எழுதலாம். அவசரம் என்றால் 1098 அல்லது 112 என்ற எண்ணை அழைக்கலாம். காவல் நிலையத்தில் புகாரைப் பதிய மறுப்பதும் போக்சோவின் 21ஆவது பிரிவின்படி குற்றமே.