சொல் தேடும் மரம்

திருவனந்தபுரம் மாவட்டத்தில், அகத்தியமலையின் அடிவாரத்தில் அமைந்த தேயிலைத் தோட்டச் சிற்றூர் போனக்காடு. தோட்ட வேலைக்கு வந்து தங்கிய தமிழ்க் குடும்பங்கள் பல இங்கு உண்டு. இவ்வூரை நினைவூட்டும் ஏழு சொற்களை எடுத்துக்கொள்வோம்: தேயிலை, தேக்கு, தேன், தேன்கூடு, தேனீ, தேவாங்கு, போனக்காடு. இவற்றுள் ஒன்றைக் கணினி எவ்வாறு தேடும்?

பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்த்து வரலாம். ஏழு சொற்களுக்கு அது போதும். ஓர் இலட்சம் சொற்களுக்குப் போதாது. இச்சிக்கல் கணினியோடு பிறந்ததன்று. பழைய நிகண்டுகள் சொற்களைப் பொருள்வகையால் தொகுத்தமையால், அவற்றை மனப்பாடம் செய்தவர்க்கே தேடுதல் எளிதாயிற்று. 1594-இல் ரேவண சித்தர் இயற்றிய அகராதி நிகண்டு முதலெழுத்து வரிசையைக் கொண்டுவந்தது. 1732-இல் வீரமாமுனிவரின் சதுரகராதி அவ்வழியை மேலும் செம்மையாக்கியது.

எழுத்து எழுத்தாக வழிகாட்டும் இம்முறையைக் கணினிக்குள் மரவடிவில் அமைப்பதே முன்னொட்டு மரம். 1960-இல் பிரெட்கின் என்னும் அறிஞர் இதற்கு 'ட்ரை' எனப் பெயரிட்டார். மரத்தின் வேர் வெறுமையானது. அதிலிருந்து 'தே', 'போ' என இரு கிளைகள் பிரியும். 'தே' என்னும் கிளையை ஆறு சொற்களும் பகிர்ந்துகொள்ளும்; அதன்பின் யி, க், ன், னீ, வா எனப் பிரியும். பைத்தான் மொழியில் ஒவ்வொரு கணுவையும் ஒரு 'டிக்ஷனரி'யாக அமைத்து, எழுத்தைக் கொடுத்தால் அடுத்த கணு கிடைக்குமாறு செய்யலாம். சொல் முடியும் கணுவில் ஓர் அடையாளம் இடவேண்டும். இடாவிட்டால், 'தேன்கூடு' செல்லும் வழியில் உள்ள 'தேன்' தனிச்சொல் என்பது கணினிக்குத் தெரியாது.

தேக்கு என்பதைத் தேட மூன்றே அடிகள். பட்டியலில் நூறு சொற்கள் இருப்பினும் இலட்சம் இருப்பினும் அம்மூன்றே.

ஆனால் இம்மரத்தில் ஒரு குறை உண்டு. 'தேன்' என்று தட்டினால் தேன்கூடு கிடைக்கும், தேனீ கிடைக்காது. ன், னீ இரண்டும் வெவ்வேறு கிளைகளாகிவிட்டன அல்லவா? தேனை, தேனால் முதலிய வேற்றுமை வடிவங்களுக்கும் இதே நிலைதான். நாம் வகுப்பில் கற்கும் இலக்கணமே இங்குக் கைகொடுக்கிறது. உயிர்மெய்யை மெய்யாகவும் உயிராகவும் பிரித்தால் 'னீ' என்பது ன் + ஈ. இப்போது தேன் என்பது த், ஏ, ன் என்னும் மூன்று கணுக்கள். அவற்றைத் தொடர்ந்து 'ஈ' வந்தால் தேனீ, 'ஐ' வந்தால் தேனை. வழி சற்றே நீளும்: தேக்கு ஐந்து அடிகளாகும். எனினும் சொற்கள் புணர்ந்து உருமாறும் தமிழுக்கு இம்முறையே பொருந்தும் எனத் தோன்றுகிறது.

கணினி எழுத்துகளைச் சேமிக்கும் முறை இவ்விரண்டிலிருந்தும் வேறுபட்டது. யூனிகோடு குறியீட்டில் உயிர்மெய்க்குத் தனி எண் இல்லை. அகரமேறிய மெய்க்கு ஓர் எண், அதன்மேல் வரும் குறிக்கு ஓர் எண். ஆகவே, மெய்யும் உயிருமாகப் பிரிக்கும் பணியை நம் நிரலே செய்யவேண்டும். இதில் கவனிக்கத்தக்க இடம் ஒன்று: 'போ' என்பதில் உள்ள ஓகாரக் குறியை ஒரே எண்ணாகவும் எழுதலாம், ஏகாரக் குறி, கால் என இரண்டு எண்களாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். மரத்தில் ஒருவகையாகச் சேமித்து, தேடுபவர் மற்றொரு வகையாகத் தட்டினால், கண்ணெதிரே இருக்கும் போனக்காடு 'இல்லை' என்றே விடை வரும். பிழை எங்குள்ளது என்று நிரலைப் பலமுறை படித்தாலும் தெரியாது. சேமிக்கும்போதும் தேடும்போதும் சொல்லை முதலில் ஒரே வடிவத்திற்கு மாற்றிவிடவேண்டும். பைத்தானில் அதற்கென்றே 'நார்மலைஸ்' என்னும் செயற்கூறு உள்ளது. மரத்தில் முதற்சொல்லைச் சேர்ப்பதற்கு முன்னரே அந்த ஒரு வரியை எழுதிவிடுவது நன்று.