எரிவாயுக் கொதிகலனின் பிழைக் குறியீடுகள்

பிழைக் குறியீடு என்பது, வீட்டு எரிவாயுக் கொதிகலன் (பாய்லர்) தானாக நின்றுவிடும்போது அதன் முகப்புத் திரையில் தோன்றும் எழுத்தும் எண்ணும் சேர்ந்த குறி ஆகும். பிரித்தானியாவில் பெரும்பாலான வீடுகளில் அறைகளைச் சூடாக்குவதும் குழாயில் வெந்நீர் தருவதும் சமையலறைச் சுவரில் மாட்டிய இந்த ஒரே பெட்டிதான். பெயர் கொதிகலன் என்றாலும் இதற்குள் நீர் கொதிப்பதில்லை. ஏறத்தாழ 60 முதல் 75 பாகை செல்சியசு வரை சூடாகி, ரேடியேட்டர்களுக்குப் போய்த் திரும்பி வருகிறது.

குறியீட்டைப் படிப்பவர்கள் முதலில் அறிய வேண்டியது ஒன்று. எந்த உறுப்பு பழுதடைந்தது என்று குறியீடு சொல்வதில்லை. கட்டுப்பாட்டுப் பலகை எதைக் கவனித்தது என்றே சொல்கிறது. காய்ச்சல்மானி 102 என்று காட்டினால் உடம்பு சுடுகிறது என்று தெரியும், காரணம் தெரியாது. அதைப் போன்றதே இதுவும். இணையத்தில் குறியீட்டைத் தேடி, முதலில் கண்ணில் பட்ட உதிரிப்பாகத்தை வாங்குவோர் பணத்தை இழப்பது இதனால்தான்.

சுடரைப் பலகை எப்படி அறிகிறது?

அடிக்கடி தோன்றுபவை தீப்பற்றல் தொடர்பான குறியீடுகள். வேலன்ட் ஈக்கோடெக் வகையில் எஃப் 28, வூஸ்டர் போஷ் கிரீன்ஸ்டார் வகையில் ஈஏ, பாக்சி டுவோ-டெக் வகையில் ஈ 133, ஐடியல் லாஜிக் வகையில் எல் 2 ஆகியவை ஏறக்குறைய ஒரே செய்தியைத்தான் சொல்கின்றன: சுடர் தென்படவில்லை.

பலகைக்குக் கண் இல்லை. எரியும் வாயுவில் அயனிகள் இருப்பதால் சுடர் சிறிதளவு மின்சாரத்தைக் கடத்தும். சுடருக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய மின்முனைக்கு மாறுமின்னழுத்தம் தரப்படுகிறது. மின்முனை சிறியது, எரிப்பான் பெரியது. ஆகவே மின்னோட்டம் ஒரு திசையில் கூடுதலாகப் பாய்கிறது. ஒரு சில மைக்ரோ ஆம்பியர் அளவேயான இந்த ஒருதிசை ஓட்டம் இருந்தால் சுடர் உண்டு, இல்லையேல் இல்லை. உலோகத் துண்டு குறுக்கே பட்டாலும் மின்சாரம் பாயும், ஆனால் அது இரு திசையிலும் சமமாகப் பாயும் என்பதால் பலகை ஏமாறாது. மிக அழகான ஏற்பாடு இது.

சுடர் இல்லை என்றால் சில நொடிகளில் எரிவாயு வால்வு மூடப்படும். சில முறை முயன்றும் பற்றாவிட்டால் கொதிகலன் பூட்டுநிலைக்குப் போகும். எரியாத வாயு உள்ளே சேரக் கூடாது என்பதே நோக்கம். வாயு வராதது, மின்முனையில் படிவு, பழுதான வால்வு, காற்றோட்டத் தடை என எதுவும் காரணமாக இருக்கலாம். வாயு அடுப்பு உள்ள வீட்டில் அதைப் பற்றவைத்துப் பார்த்தால் வாயு வருகிறதா என்று தெரிந்துவிடும்.

உறைந்த குழாய்

கடுங்குளிரில் இதே குறியீடு வந்தால் காரணம் பெரும்பாலும் வீட்டுக்கு வெளியே இருக்கும். ஒரு கன மீட்டர் இயற்கை வாயு எரிந்தால் ஏறத்தாழ ஒன்றரை கிலோ நீர் உண்டாகிறது. பழைய கொதிகலன்களில் அது ஆவியாகப் புகைபோக்கி வழியே போய்விடும். இப்போதையவை அந்த ஆவியைக் குளிரவைத்து அதிலுள்ள வெப்பத்தையும் எடுத்துக்கொள்கின்றன. இங்கிலாந்திலும் வேல்சிலும் 2005 ஏப்ரல் முதல், சில விலக்குகள் தவிர, புதிதாகப் பொருத்தப்படுபவை இவ்வகையாகவே இருக்க வேண்டும். மிஞ்சும் நீர் ஒரு பிளாஸ்டிக் குழாய் வழியே வடிகாலுக்குப் போகிறது. குழாய் சுவருக்கு வெளியே ஓடினால் பனியில் உறைந்து அடைத்துக்கொள்ளும். நீர் பின்வாங்கி உள்ளே தேங்க, சுடர் நிற்காது. 2010 டிசம்பர் குளிரில் ஏராளமான வீடுகளில் கொதிகலன்கள் நின்றது இப்படித்தான்.

பெட்டிக்குள் களகளவென்று ஒலி கேட்பது இதற்கு நல்ல அடையாளம். எட்டும் உயரத்தில் குழாய் இருந்தால் வெதுவெதுப்பான நீரை அதன்மேல் ஊற்றி உருக்கலாம். கொதிநீர் கூடாது, குழாய் விரிசல் விடும். கீழே சிந்திய நீர் மறுபடி உறைந்து வழுக்கும் என்பதையும் மறக்கக் கூடாது. உருகிய பின் ரீசெட் பொத்தானை ஒரு முறை அழுத்தினால் போதும்.

நீர் அழுத்தம்

வேலன்ட் எஃப் 22, பாக்சி ஈ 119, ஐடியல் எஃப் 1 ஆகியவை சுற்றோட்ட நீரின் அழுத்தம் குறைந்ததைக் குறிப்பன. குளிர்ந்த நிலையில் மானி பொதுவாக 1 முதல் 1.5 பார் காட்ட வேண்டும். குறைந்தால் நிரப்புக் குழாயின் வால்வுகளை மெல்லத் திறந்து, அளவு வந்ததும் இறுக மூடிவிட வேண்டும். இதை வீட்டுக்காரரே கையேட்டைப் பார்த்துச் செய்யலாம். வாரந்தோறும் நிரப்ப வேண்டியிருந்தால் எங்கோ கசிவு உண்டு, அல்லது விரிவுக்கலம் காற்றை இழந்திருக்கிறது.

ரீசெட் எத்தனை முறை?

ஒருமுறை, மிஞ்சினால் இருமுறை. ஐடியல் லாஜிக் வகையில் எல் 5 என்றொரு குறியீடு உண்டு. அதன் பொருள், 15 நிமிடத்தில் 5 முறை ரீசெட் செய்யப்பட்டது என்பது. இயந்திரம் தன்னைப் பற்றிச் சொல்லாமல் பொத்தானை அழுத்துபவரைப் பற்றிச் சொல்லும் குறியீடு இது! பொத்தான் பூட்டை விலக்குமே தவிரப் பழுதை நீக்காது. அதிவெப்பம், விசிறி, புகைபோக்கி தொடர்பான குறியீடு திரும்ப வந்தால் கொதிகலனை நிறுத்திவைப்பதே சரி. எரிதல் முழுமை பெறாவிட்டால் உண்டாகும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலியும் மயக்கமுமாக அது தன்னைக் காட்டும்போது காலம் கடந்திருக்கலாம். எச்சரிக்கைக் கருவி ஒன்று வீட்டில் இருப்பது அவசியம்.

எரிவாயு நாற்றம் வந்தால் குறியீட்டைப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. மின்விளக்கைப் போடாமலும் அணைக்காமலும், சன்னல்களைத் திறந்து, மீட்டர் அருகிலுள்ள வால்வை மூடிவிட்டு, வெளியே வந்து 0800 111 999 என்ற எண்ணை அழைக்க வேண்டும்.

பெட்டியின் எரிவாயுப் பகுதியைத் திறந்து பழுதுபார்க்கும் தொழிலாளி, 1998ஆம் ஆண்டின் எரிவாயுப் பாதுகாப்பு ஒழுங்குவிதிகளின்படி பதிவு பெற்றவராக இருக்க வேண்டும். 2009 ஏப்ரல் முதல் அப்பதிவேட்டின் பெயர் கேஸ் சேஃப். அவருடைய அடையாள அட்டையின் பின்புறத்தில் எந்தெந்த வகை வேலைக்குத் தகுதி பெற்றவர் என்று அச்சிட்டிருக்கும். கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை.

வாடகை வீட்டில் தங்கிப் படிக்கும் மாணவர்கள் பழுதுக்குத் தாங்கள் பணம் கட்ட வேண்டுமோ என்று அஞ்சிக் குளிரில் பொறுத்துக்கொள்வது உண்டு. இங்கிலாந்தில் வழக்கமான வாடகை ஏற்பாடுகளில், சூடாக்கியையும் வெந்நீர் ஏற்பாட்டையும் செப்பனிடுவது 1985ஆம் ஆண்டுச் சட்டப்படி வீட்டு உரிமையாளரின் பொறுப்பு. எரிவாயுக் கருவிகளை ஆண்டுக்கொரு முறை சோதிப்பிக்க வேண்டியவரும் அவரே. திரையையும் அழுத்தமானியையும் படம் எடுத்து, அப்போது ஓடியது வெந்நீரா ரேடியேட்டரா என்றும் எழுதி, அன்றே அவருக்கு அனுப்பிவிடுவது நல்லது. பழுதுபார்க்க வருபவருக்கும் அந்தப் படம் பயன்படும்.